நாலு நாள் கூடுதலாகக் கொடுங்கள்: அன்னபூர்ணாவுக்கு ஆள் சேர்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து நேபாளத்துக்கு ஆட்களை அழைத்துப் போகும் பயண ஏற்பாட்டாளர்களுக்கும், மலையேற்றக் குழு நடத்தும் நண்பர்களுக்கும்,

வணக்கம். போன தடவை உங்களில் ஒருவரிடம் பணம் கட்டி, அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றிப் போகும் அன்னபூர்ணா சுற்றுக்குப் போய்வந்தவன் நான். யாரென்று சொல்லப் போவதில்லை. அவர் கொடுத்த அட்டவணையும் மற்றவர்கள் வெளியிடும் அட்டவணையும் ஏறக்குறைய ஒன்றேதான் என்பதால் பெயர் தேவைப்படவும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு இதை எழுதவில்லை. நாள் கேட்டு எழுதுகிறேன். நாலே நாள்.

எங்கள் அட்டவணை இது. காத்மாண்டுவிலிருந்து பெசிசஹார், அங்கிருந்து ஜீப்பில் அன்றைக்கே சாமே. மறுநாள் மனாங். அடுத்த நாள் யாக் கர்க்கா. அதற்கடுத்த நாள் தோரோங் ஃபேதி. ஐந்தாம் நாள் விடியுமுன் எழுந்து தோரோங் லா கணவாயைத் தாண்டி முக்திநாத். கடைசி நாள் பொக்காராவில் 'கலாசார நிகழ்ச்சி'. ஒரு ஓட்டல் மாடியில் நாலு பிள்ளைகள் ஒலிபெருக்கிப் பாட்டுக்கு ஆடினார்கள், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தோம். விளம்பரத்தில் 'மலையேற்றமும் கலாசாரமும்' என்று போட்டிருந்தீர்களே, அதில் இரண்டாவது பாதி அவ்வளவுதான்.

இந்த அட்டவணையை உயரக் கணக்கில் திருப்பி எழுதிப் பாருங்கள். பெசிசஹார் 760 மீட்டர். சாமே சுமார் 2,700. மனாங் சுமார் 3,500. யாக் கர்க்கா 4,000-க்கு மேல். ஃபேதி சுமார் 4,500. கணவாய் 5,416. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு. நாங்கள் முதல் நாளே கிட்டத்தட்ட 2,000 மீட்டர் ஏறினோம், அதுவும் உட்கார்ந்துகொண்டு. நடந்து ஏறுகிறவனை அவன் கால்வலியே நிறுத்தி வைக்கும். ஜீப்புக்கு வலிக்காது. மனாங் வரைக்கும் சாலை போட்டது அந்த ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி, அதைக் குறை சொல்ல நான் யார். ஆனால் நோயாளியையும் அரிசி மூட்டையையும் கொண்டுபோகப் போட்ட சாலையை நீங்கள் நாள் மிச்சம் பிடிக்கப் பயன்படுத்துகிறீர்கள்.

யாக் கர்க்காவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்களோடு வந்தவர்களில் ஒரு அக்கா, ஐம்பதைத் தாண்டியவர், வங்கி வேலையில் இருப்பவர். தினமும் காலையில் ஆறு கிலோமீட்டர் நடக்கிறவர், எங்களில் பல இளவட்டங்களைவிடத் திடமானவர். அன்றைக்குச் சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். தலைவலி, குமட்டல். உங்கள் ஆள் வந்து பார்த்தார். "ஒண்ணுமில்லக்கா, இஞ்சி டீ குடிச்சிட்டுப் படுங்க, காலைல சரியாயிடும்" என்றார். அக்காவும் தலையாட்டினார். ஒருத்தருக்காக மொத்தக் குழுவும் தாமதமாகக் கூடாது என்ற கூச்சம். அந்தக் கூச்சம்தான் இந்த மலையில் உயிரை வாங்குகிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

உதவி வழிகாட்டியாக வந்த குருங் இனத்துப் பையன் மட்டும் அங்கிருந்து நகரவில்லை. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. லாட்ஜின் பலகைத் தரையில் இரண்டு பலகை சேரும் கோட்டைக் காட்டி, "தீதி, இதுமேல நடங்க. குதிகாலை அடுத்த கால் விரல்மேல ஒட்டி ஒட்டி" என்று அரைகுறை இந்தியில் சொன்னான். அக்கா எழுந்து மூன்று அடி வைத்தார். நாலாவது அடி கோட்டை விட்டு வெளியே விழுந்தது. சிரித்துக்கொண்டே மறுபடி முயன்றார், மறுபடியும் விலகியது. பையன் சிரிக்கவில்லை. மூளையில் நீர் கோக்க ஆரம்பித்தால் முதலில் போவது இந்த நடைதானாம். தலைவிளக்கை மாட்டினான், அக்காவின் பையைத் தூக்கித் தோளில் போட்டான். உங்கள் ஆள், "காலைல பார்த்துக்கலாமே, ஹெலிகாப்டர் சொல்லலாம்" என்றார். அவன் பதில் சொல்லாமல் கதவைத் திறந்தான். 500 மீட்டர் இறங்கினால் மனாங். இருட்டில் எத்தனை மணி நேரம் ஆனதோ, நள்ளிரவுக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உயரம் செய்த கோளாறுக்கு இறக்கம்தான் மருந்து. மாத்திரையும் ஆக்சிஜனும் இறங்கும்வரை தாக்குப்பிடிக்கத்தான்.

அக்கா பிழைத்துக்கொண்டார். மனாங்கில் இமாலய மீட்புச் சங்கத்தின் சிறு மருத்துவமனை ஒன்று இருக்கிறது. 1973-இல் தொடங்கிய சங்கம் அது. மலையேற்றப் பருவத்தில் மருத்துவர்கள் வந்து தங்குவார்கள். மத்தியானம் மூன்று மணி வாக்கில் உயர நோய் பற்றி யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று ஒரு வகுப்பு நடக்கும். நாங்கள் மனாங்கை அடைந்தபோது மணி ஐந்து, மறுநாள் காலை ஏழுக்குக் கிளம்பிவிட்டோம். அட்டவணையில் இன்னும் ஒரே ஒரு பகல் இருந்திருந்தால் அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்போம். அக்காவும் தலைவலியை மறைத்திருக்க மாட்டார்.

இனிதான் நான் சொல்ல வந்ததே இருக்கிறது. நாங்கள் மிச்சப் பேர் கணவாயைத் தாண்டினோம், கொடிகளுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டோம். அக்கா மூன்று நாள் மனாங்கில் கிடந்தார். பிறகு ஜீப்பில் இறங்கிப் பொக்காராவில் எங்களோடு சேர்ந்தார். அந்த ஓட்டல் மாடியில் 'கலாசார நிகழ்ச்சி' ஓடிக்கொண்டிருக்க, அக்கா பேச ஆரம்பித்தார். லாட்ஜ் அம்மாவோடு அடுப்படியில் உட்கார்ந்து உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரைக் கடைந்திருக்கிறார், நம் மோர் கடைவது மாதிரிதான், ஆனால் சுற்றாமல் மேலும் கீழும். முதல் வாய் குமட்டியதாம், மூன்றாம் நாள் தானே கேட்டு வாங்கிக் குடித்தாராம். கொஞ்சம் தேறியதும் பக்கத்து ஊரான ப்ராகாவுக்கு மெல்ல நடந்து, பாறையில் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும் வீடுகளுக்கு மேலே நிற்கும் பழைய புத்த மடத்தைப் பார்த்திருக்கிறார். சாவி வைத்திருந்த பெரியவர் வயலிலிருந்து வரும்வரை ஒரு மணி நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தாராம். "அந்த ஒரு மணி நேரந்தான் நல்லா இருந்துச்சு" என்றார்.

எங்கள் பத்துப் பேரிடமும் சொல்ல அப்படி ஒரு கதைகூட இல்லை. காய்ச்சலுக்கு விடுப்பு எடுத்த பிள்ளை தாத்தா வீட்டில் இருந்துவிட்டு வந்ததுபோல் அக்கா பேசினார். நாங்கள் பரீட்சை எழுதிவிட்டு வந்தவர்கள்போல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

உடம்பு உயரத்துக்குப் பழகக் கேட்கும் நாளும், ஒரு ஊரைப் பார்த்துப் பழகக் கேட்கும் நாளும் ஒன்றேதான். நீங்கள் அதற்கு 'ஓய்வு நாள்' என்று பேர் வைத்து, வெட்டுவதென்றால் முதலில் அதையே வெட்டுகிறீர்கள்.

ஆகவே என் நாலு நாள் கணக்கு. முதல் நாள், சாமேக்கும் மனாங்குக்கும் இடையிலுள்ள பிசாங்கிலிருந்து ஜீப் பாதையை விட்டு மேல்பாதையில் க்யாரு, ங்காவல் ஊர்கள் வழியாக நடப்பதற்கு. ஏற்றம் மூச்சை வாங்கும், ஆனால் மனாங்கைவிட உயரமான இடங்களைத் தொட்டுவிட்டு இறங்குவதால் உடம்பு அங்கேயே பழக ஆரம்பித்துவிடும். எதிரே இரண்டாம் அன்னபூர்ணா, 7,937 மீட்டர், கைநீட்டினால் தொடலாம்போல் நிற்கும். இரண்டாவது நாள் மனாங்கில், காரணம் மேலே சொல்லிவிட்டேன். மூன்றாவது முக்திநாத்தில். நாலாவது கீழே மார்ஃபாவில்.

முக்திநாத்தைப் பற்றிப் பேசும்போது உங்களில் இன்னொரு வகையினரையும் கூப்பிட்டுக்கொள்கிறேன், திவ்ய தேச யாத்திரை நடத்துகிறவர்களை. மலையேறுகிறவர்கள் கிழக்கிலிருந்து கணவாய் தாண்டி வருகிறோம், உங்கள் யாத்ரீகர்கள் மேற்கிலிருந்து விமானத்திலும் ஜீப்பிலும் வருகிறார்கள். இரண்டு தமிழ்க் கூட்டமும் ஒரே படிக்கட்டில் மூச்சிரைக்க நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் இதுதான் என்று வந்தவர்கள் அவர்கள். எழுபது வயது மாமிகளும் மாமாக்களும். காலையில் பொக்காராவில், சுமார் 800 மீட்டரில், இட்லி சாப்பிட்டவர்கள் இருபது நிமிட விமானத்தில் ஜோம்சோம் வந்து, ஜீப் ஏறி, மத்தியானத்துக்குள் 3,700 மீட்டருக்கு மேல் நிற்கிறார்கள். அங்கே 108 தாரைகளிலும் தலையை நீட்டி, உருகிய பனி போன்ற தண்ணீரில் நனைகிறார்கள். ஒரு மாமா உதடு நீலம் பாரித்துப் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர், "பெருமாள் சோதிக்கிறார்" என்றார். பெருமாள் ஒன்றும் செய்யவில்லை. சோதித்தது அட்டவணை. முந்தின இரவு ஜோம்சோமிலோ காக்பேனியிலோ தங்க வைத்திருந்தால் பாதிச் சிரமம் குறைந்திருக்கும். எப்படியும் அந்தப் பள்ளத்தாக்கில் முற்பகல் கழிந்தால் காற்று ஆளைத் தள்ளும், விமானங்கள் காலையில்தான் பறக்கும். திரும்பும் விமானத்துக்கு ஒரு நாள் கையிருப்பு வைக்காத அட்டவணை எப்படியும் ஒரு நாள் உடையத்தான் போகிறது.

அந்தக் கோயிலில் பூஜைப் பணி பார்க்கும் பௌத்தத் துறவிப் பெண்களை எத்தனை யாத்ரீகர்கள் கவனித்தார்கள்? நமக்கு அங்கே இருப்பவர் ஸ்ரீமூர்த்தி. அவர்களுக்கு அதே உருவம் கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரர். அவர்கள் மொழியில் அந்த இடத்தின் பெயர் சுமிக் க்யாட்சா, நூறு நீர் என்று பொருள். சற்றுத் தள்ளி ஜ்வாலா மாயி சந்நிதியில் பாறையிடுக்கில் இயற்கை வாயு கசிந்து சின்னதாக நீலச் சுடர் எரிகிறது. நீரும் நெருப்பும் ஒரே இடத்தில். இரண்டு மதம் ஒரே கருவறையைச் சண்டையில்லாமல் வைத்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு நம்மவர்களைக் கூட்டிப்போய், நாற்பது நிமிடத்தில் திருப்பிக் கூட்டி வருகிறீர்கள்.

மார்ஃபாவுக்கு ஏன் ஒரு நாள் என்று கேட்பீர்கள், விளம்பரத்தில் போட அங்கே கணவாயும் இல்லை, கோயிலும் இல்லை. வெள்ளையடித்த வீடுகள், தட்டைக் கூரை ஓரமெல்லாம் அடுக்கிய விறகு, கல் பாவிய சந்து, சந்துக்கு அடியில் ஓடும் வாய்க்கால், ஆப்பிள் தோட்டம், அவ்வளவுதான். தகாலி மக்களின் ஊர். திபெத்து உப்பு தெற்கே போகவும் தெற்கத்தித் தானியம் வடக்கே போகவும் இடையில் நின்று வியாபாரம் செய்தவர்கள். பக்கத்துத் துகுச்சேயில் அந்தக் காலத்து வியாபாரிகளின் பெரிய முற்றம் வைத்த வீடுகள் இன்னும் நிற்கின்றன. நாங்கள் ஜீப்பில் போகும்போது டயர் பஞ்சராகி மார்ஃபாவில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். (எங்கள் பயணத்தில் நல்லதாக நடந்த இரண்டு காரியங்களும் அட்டவணை தவறியதால் நடந்தவை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.) சாப்பாட்டுக்கடை அம்மாவிடம், இவ்வளவு பெரிய லாட்ஜை எப்படிக் கட்டினீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன். 'டிக்குரி' என்றார். விளக்கச் சொன்னேன். பத்திருபது பேர் சேர்ந்து மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு போடுவது, முறை வைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுப்பது. "அட, இது நம்ம சீட்டு!" என்று நான் கத்தியதில் அவர் பயந்துபோய்ப் பருப்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். சீட்டு எடுத்தவன் ஓடிப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஓடி எங்கே போவான், மலைக்குத்தானே என்று சிரித்தார். பொக்காரா மேடை ஆட்டத்தில் எனக்கு இது கிடைத்திருக்குமா?

சாப்பாட்டைத் தொட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 'பயணம் முழுதும் தென்னிந்திய உணவு' என்று சமையல்காரரையும் குக்கரையும் சாம்பார்ப் பொடியையும் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். அந்த மலைப்பாதையில் லாட்ஜ்காரர்கள் அறைக்கு மிகக் குறைவாகத்தான் வாங்குகிறார்கள், சாப்பாட்டில்தான் அவர்கள் பிழைப்பு. அறையில் தங்கிவிட்டு நம் குக்கரில் சமைத்துச் சாப்பிட்டால் அவர்கள் அடுப்பு எதற்கு எரிகிறது? அங்கே கிடைக்கும் தால் பாத்தில் நமக்கு என்ன குறை? சோறு, பருப்பு, கீரை, ஊறுகாய், கேட்கக் கேட்கப் போடுகிறார்கள். காய்கறிக்கு முகம் சுளிக்கும் என் தம்பி மகனே குந்த்ருக் என்ற புளித்த கீரையை இரண்டு தடவை வாங்கினான். யாத்திரைக்காரர்களின் ஆசாரம் வேறு, புரிகிறது. மலையேறுகிறவனுக்குச் சாம்பார் எதற்கு?

இனி சுமை தூக்குகிறவர்கள். எங்கள் பைகளைத் தூக்கியவர்களில் ஒருவர் நைந்துபோன கேன்வாஸ் செருப்போடு கணவாய்ப் பனியில் ஏறினார். ஒருவர் மேல் 30 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று சுமைதூக்கிகளுக்காகப் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள், எங்கள் பைகளை யாரும் நிறுக்கக்கூட இல்லை. 2014 அக்டோபர் 12-ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுட்ஹுட் புயலை நாம் கடலோரச் செய்தியாகத்தான் நினைவு வைத்திருக்கிறோம். அதன் மிச்சம் இரண்டு நாளில் வடக்கே போய் இந்தக் கணவாயிலும் சுற்றியுள்ள மலைகளிலும் பனிப்புயலாகக் கொட்டியது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள். வெளிநாட்டு நடையர்களோடு வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் யாக் மேய்த்தவர்களும் அதில் உண்டு. வங்கக் கடலில் புயல் சின்னம் என்று நம் வானொலி சொன்னால் தோரோங் லாவில் இருப்பவனும் காது கொடுக்க வேண்டும். உங்கள் விளம்பரத்தில் ஓட்டல் நட்சத்திரத்தைப் போடும் இடத்தில் சுமைதூக்கியின் நாள்கூலியையும், அவருக்குக் காப்பீடும் காலணியும் உண்டா என்பதையும் போடுங்கள். பத்து நட்சத்திரம் கொடுக்க நான் தயார்.

நாள் குறிப்பதிலும் ஒரு வார்த்தை. மழை ஓய்ந்து வானம் துடைத்துவைத்ததுபோல் தெளியும் அக்டோபர், நவம்பர் மாதங்கள்தான் பருவம், சரி. ஆனால் நம் ஆயுத பூஜை, தீபாவளி விடுமுறைக்கு நீங்கள் பயணம் போடும் அதே வாரங்களில்தான் அவர்களுக்கு தசாய்ன், திகார் பண்டிகைகளும். தசாய்ன் என்பது வருடத்தில் ஒரு தடவை வீட்டுப் பெரியவர் கையால் நெற்றியில் தயிரும் அரிசியும் கலந்த திலகம் வாங்கிக்கொள்ளும் நாள். அந்த நாளில் நம் பையைத் தூக்க வைத்துவிட்டு, கலாசாரம் காட்டுகிறேன் என்கிறீர்கள். ஒரு வாரம் தள்ளிப் போடலாம். முடியாதா, வருகிற பையனிடம் ஒரு வார்த்தை கேட்டு, திலகம் வாங்கிவிட்டு வரட்டும் என்று வழியில் உள்ள அவன் ஊரில் ஒரு இரவு தங்கலாம்.

கடைசியாக, 'வெல்லுங்கள்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். பொக்காராவிலிருந்து தெரியும், மீன்வால் என்று பேர் பெற்ற மச்சபுச்சரே சிகரத்துக்கு 1957-இல் ஏறிய குழு, உச்சிக்கு ஐம்பது மீட்டர் இருக்கும்போது, மேலே கால் வைக்க மாட்டோம் என்று கொடுத்த வாக்குக்காகத் திரும்பி வந்தது. அதன்பின் ஏற யாருக்கும் அனுமதி இல்லை. அப்படிப்பட்ட மலைக்கு எதிரே நின்று ஜீப்பில் வந்தவர்கள் எதை வென்றோம் என்று படம் போட்டுக்கொள்வது? எங்கள் குழுவில் சிலர் மந்திரம் செதுக்கிய மணிக் கற்சுவரின் மேலேயே ஏறி உட்கார்ந்தார்கள். கோயில் பிரகாரம்போல அதை வலப்பக்கம் விட்டுச் சுற்றிப் போக வேண்டும் என்று ஒருவர் புறப்படும்போதே சொல்லியிருந்தால் போதும், தமிழனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். (திபெத்தியர்களின் பழைய 'போன்' மதத்தைச் சேர்ந்தவர்கள் வாழும் லுப்ரா என்ற ஊரில் மட்டும் இடமாகச் சுற்றுவார்கள். அங்கே போனால் அவர்களைப் பார்த்து நடங்கள்.)

நாலு நாள் கூடினால் செலவு கூடும், ஆள் வர மாட்டார்கள் என்பீர்கள். ஒரு நாளைக்கு அறை, மூன்று வேளை தால் பாத், வழிகாட்டிக்கும் சுமைதூக்கிக்கும் கூலி, இவ்வளவுதான் கூடுகிறது. பெசிசஹாரிலிருந்து மேலே ஜீப்புக்குக் கொடுத்த தொகையைக் குறைத்தால் அதில் ஒரு பங்கு அங்கேயே ஈடாகும். விடுமுறை கிடைக்காதவர்களை வேறு மலைக்குக் கூட்டிப் போங்கள். 3,000 மீட்டரைத் தாண்டாத எத்தனையோ நல்ல பாதைகள் அதே அன்னபூர்ணா அடிவாரத்தில் குருங் ஊர்கள் வழியே போகின்றன. கணவாய்தான் வேண்டும், ஆனால் ஏழு நாள்தான் இருக்கிறது என்று அடம்பிடிப்பவரின் பணத்தை வாங்காதீர்கள்.

அக்கா அடுத்த வருடம் மறுபடி போகிறார். இந்தத் தடவை யாரிடமும் பணம் கட்டவில்லை, இருட்டில் கூட்டி இறங்கிய அந்தப் பையனுக்கே நேராகப் போன் போட்டிருக்கிறார். நேபாளத்தில் இப்போது உரிமம் பெற்ற வழிகாட்டி வேண்டும் என்பதால் அவன் அதற்குப் படித்துத் தேர்வு எழுதிவிட்டானாம். பதினெட்டு நாள் அட்டவணை, மனாங்கில் மட்டும் நாலு இரவு. லாட்ஜ் அம்மாவுக்கு நம் ஊர்ப் பித்தளை டபரா செட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். என்னையும் கூப்பிட்டிருக்கிறார். உங்கள் புதிய அட்டவணை வந்தால் எனக்கும் அனுப்புங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

இப்படிக்கு,
போன தடவை கணவாய் தாண்டி வந்த பத்துப் பேரில் ஒருவன்